நானூறு பேர் போதும்

ஓட்டல் கிடையாது. தார்ச்சாலை கிடையாது. குடை வாடகைக்கு விடுவோர் கிடையாது. பாறை, பைன் மரம், தெளிந்த தண்ணீர், அவ்வளவுதான். மத்தியதரைக் கடலோரத்தில் இப்படியொரு சிறுகுடாவுக்குப் போக முன்பதிவு செய்யச் சொல்வதும், நாளுக்கு இத்தனை பேருக்கு மேல் இடமில்லை என்று தடுப்பதும் அதிகாரிகளின் அத்துமீறல் என்ற கருத்து இன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. பயண எழுத்தாளர்கள் அதை எழுதுகிறார்கள். காணொளி போடுகிறவர்கள் அதைக் குமுறிச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் வேலை பார்த்துக்கொண்டு கோடை விடுமுறைக்குத் தெற்கே இறங்கும் நம்மவர்களும் அதையே வழிமொழிகிறார்கள். இந்தக் கருத்து தவறானது. எந்தக் குடாவை நேசிப்பதாகச் சொல்கிறார்களோ, அந்தக் குடாவையே இல்லாமல் ஆக்கக்கூடிய தவறு இது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். கடற்கரை பொதுச்சொத்து, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நடந்து போய், குளித்து, குப்பையைத் திரும்ப எடுத்து வருகிறவரால் பாறைக்கோ தண்ணீருக்கோ ஒரு கேடும் இல்லை. கேடு செய்பவை ஆலைகளும் சொகுசுப் படகுகளும் கட்டட முதலாளிகளும்தான். அவர்களைத் தட்டிக் கேட்கத் துணிவில்லாமல், தோள்பையும் தண்ணீர்ப் புட்டியுமாக வரும் சாதாரண மனிதரைத் தடுக்கிறார்கள். முன்பதிவு என்பது கைப்பேசியும் இணையமும் அறிந்தவருக்கே வாய்க்கும். கட்டணம் என்பது காசுள்ளவருக்கே. இடத்தின் பெயரை ஊர் முழுக்கச் சொல்லாமல் இருந்தாலே கூட்டம் தானாகக் குறையும், சட்டம் எதற்கு?

இது மடத்தனமான வாதமில்லை. நேர்மையான மனிதர்கள் பலர் இதை நம்புகிறார்கள். அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சான்றுக்கு நான் அதிகம் எடுத்துக்கொள்வது இரண்டு இடங்களை. ஒன்று, பிரான்சின் மார்செய் நகரத்தை ஒட்டிய கலாங்க் தேசியப் பூங்காவிலுள்ள சூஜித்தோன். மற்றது, இத்தாலியின் சார்டினியா தீவில், ஓரொசெய் வளைகுடாவிலுள்ள கொலொரிட்சே. சூஜித்தோனில் 2022 முதல் கோடைக்கால நாள்களில் முன்பதிவு கட்டாயம். நாளுக்கு 400 பேர். அதற்கு முன் உச்ச நாள்களில் 2,500 பேர் வரை அங்கே இறங்கினார்கள். கொலொரிட்சேயில் நாளுக்கு 250 பேர், தலைக்கு 7 யூரோ.

1. நடப்பவர் கெடுக்கமாட்டார் என்பது முதல் வாதம். கெடுப்பார்.

மார்செய் நகரின் தென்கோடியில் லூமினி பல்கலைக்கழக வளாகம் வரை நகரப் பேருந்து போகிறது. அங்கிருந்து சூஜித்தோன் முக்கால் மணி நேர நடை. முதலில் அகலமான மண்பாதை. பிறகு செங்குத்தாகக் கடலை நோக்கி இறங்கும் கற்பாதை. அந்த இறக்கத்தில் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும், ஏனெனில் சுண்ணாம்புப் பாறையின் விளிம்புகள் தேய்ந்து, கண்ணாடி போல் வழுக்குகின்றன. மழை தேய்த்ததில்லை, மழை இந்தப் பாறையைச் சொரசொரப்பாக அரிக்கும். வழவழப்பாக்கியவை செருப்புகள். பாதையின் இருபுறமும் உள்ள அலெப்போ பைன்களைக் கவனியுங்கள். வேர்கள் தரைக்கு மேலே, முழங்கால் உயரத்தில்கூட, அந்தரத்தில் நிற்கின்றன. அந்த மரம் முளைத்த நாளில் மண் அவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறது. வேருக்கும் இன்றைய தரைக்கும் இடையில் உள்ள வெற்றிடம்தான் போய்விட்ட மண்.

இது நடக்கும் விதம் எளிமையானது. சுண்ணாம்பு மலையில் மண் சில விரற்கடை ஆழம்தான். கால்கள் அதை இறுக்கிவிட்டால் நீர் உள்ளே இறங்காது. முளைவிட்ட செடி மிதிபட்டுச் சாகும். செடி இல்லாத மண்ணைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடற்பகுதிக்கே உரிய பேய்மழை அடிக்கும்போது அது மொத்தமாக வழிந்து கடலுக்குப் போகிறது. முதிய மரங்கள் இன்னும் சில காலம் நிற்கும். அவை விழும்போது அவற்றின் இடத்தை எடுக்க ஓர் இளமரமும் இருக்காது. சுண்ணாம்பு மலையில் ஓரங்குல மண் உருவாக எத்தனையோ தலைமுறை ஆகும். போவதற்கு ஒரு சில கோடைகள் போதும். பிரான்சில் பெரும்பாலும் மார்செய் கரையோரத்தில் வாழும், முள் மெத்தை போன்ற ஓர் அரிய செடியும் உண்டு. மார்செய் அஸ்திரகாலுஸ் என்று அதற்குப் பெயர். உப்புக்காற்றைத் தாங்கும் அந்தச் செடி மனிதக் காலைத் தாங்குவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கெட்டவர் எவரும் இந்தக் கதையில் இல்லை என்பது. குப்பை போட்டவர் இல்லை, தீ மூட்டியவர் இல்லை, கிளை ஒடித்தவர் இல்லை. 2,500 பேரும் ஒழுங்கானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2,500 ஒழுங்கான மனிதர்களுக்கு 5,000 கால்கள் உண்டு. எண்ணிக்கையே இங்கே கேடு. நல்லொழுக்கப் பலகைகளால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது.

மணலுக்கும் இதே கணக்குத்தான். இருபுறமும் பாறைமுனை சூழ்ந்த சிறுகுடாவில் மணல் வரவு மிகக் குறைவு. பக்கத்துக் கடற்கரையிலிருந்து மணல் நகர்ந்து வர முனைகள் விடுவதில்லை. மத்தியதரைக் கடலில் ஓதமும் சொற்பம். மேலிருந்து ஓடை கொண்டுவருவதும், கடலடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களும் உடைந்து தருவதும்தான் வரவு. ஈரத் துண்டில் ஒட்டிப்போவது செலவு. சார்டினியாவின் வடமேற்கில் லா பெலோசா கடற்கரையில் துண்டை நேராக மணலில் விரிக்கத் தடை உண்டு; அடியில் பாய் ஒன்றைப் போட்டாக வேண்டும். கேட்கும்போது அற்பமாகத் தோன்றலாம். ஒரு நாளில் ஆயிரம் துண்டுகள் உதறப்படும் இடத்தை நினைத்துப் பார்த்தால் தோன்றாது. 2019இல் அதே தீவின் தெற்கே அள்ளிய 40 கிலோ மணலை 14 பிளாஸ்டிக் புட்டிகளில் எடுத்துப்போன ஓர் இணையர் பிடிபட்டார்கள். நினைவுக்காக எடுத்தோம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். 2017ஆம் ஆண்டின் சார்டினியச் சட்டம் இதற்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறது.

தண்ணீருக்குள் இருப்பதையும் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் பொசிடோனியா வகைக் கடற்புல், இந்தக் குடாக்களின் உயிர்நாடி. நம் பாக் நீரிணையில் ஆவுளியா மேய்கிற கடற்புற்களுக்கு உறவு இது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழுப்பு நிறத் தேங்காய்நார் உருண்டை போன்றவை இதன் நாரால் ஆனவை. குவியலாக அழுகிக் கிடக்கும் பட்டையிலைகளும் இதனுடையவைதான். பயணிகள் அருவருத்து, 'சுத்தமில்லாத கடற்கரை' என்று குறைப்பட்டுக்கொள்ளும் அந்தக் குவியல்தான் குளிர்காலப் புயலில் அலையின் வேகத்தைத் தாங்கி மணலைக் காப்பாற்றுகிறது. பல ஊராட்சிகள் பயணிகளின் முகச்சுளிப்புக்கு அஞ்சி ஆண்டுதோறும் அதை இயந்திரத்தால் வாரி எடுத்தன. மணலையும் சேர்த்து வாரின. இந்தப் புல்லின் தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே நகர்ந்து வளரும். ஒரு நங்கூரம் ஒரு மதியத்தில் கிழித்துவிடும் பரப்பை மூட அதற்கு நூற்றாண்டுகூட ஆகலாம்.

சார்டினியாவுக்கு வடக்கே புதெல்லி தீவில் இளஞ்சிவப்பு மணல் கடற்கரை ஒன்று இருக்கிறது. அந்த நிறம் பொசிடோனியா வேரடியில் வாழும் ஒரு நுண்ணுயிரின் சிவந்த ஓட்டுத்துகளால் வருவது. புல்லை நங்கூரம் கிழித்தது, மணலைப் பயணிகள் அள்ளிப்போனார்கள், நிறம் மங்கியது. 1990களிலிருந்து அங்கே கால் வைக்கவே தடை. எண்ணிக்கையை நேரத்தில் வரம்பிடாத இடம் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே பதில்: எவருக்கும் இடமில்லை என்ற நிலையில். வரம்பை எதிர்ப்பவர்கள் முழுத்தடைக்குத்தான் வழி வகுக்கிறார்கள்.

2. "இயற்கையாகவே காலியான இடம், அதை அப்படியே விடுங்கள்" என்கிறார்கள். எந்தக் காலியிடமும் தானாகக் காலியாக இருக்கவில்லை.

இரண்டாவது மறுப்பைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'தீண்டப்படாத குடா' என்ற கற்பனையில்தான் மற்ற எல்லாத் தவறும் தொடங்குகிறது. சூஜித்தோனுக்குப் பக்கத்திலுள்ள மொர்ஜியூ முனையில், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே வாயில் கொண்ட ஒரு குகை உண்டு. மூழ்குநர் ஆன்ரி கோஸ்கேர் கண்டுபிடித்து 1991இல் உலகுக்குத் தெரிவித்த அந்தக் குகையில் குதிரைகளும் கைத்தடங்களும் வரையப்பட்டிருக்கின்றன. மிகப் பழையவை 27,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை. அன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மனிதர் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

கசீஸ் ஊரை ஒட்டிய போர்-மியூ குடாவில் கல்லுடைத்தார்கள். கடலோரமே சுரங்கமாகிக்கொண்டிருந்தது. 1910இல் மார்செய் நகரத்து மலைநடைச் சங்கத்தினர் ஆயிரக்கணக்கில் அங்கே திரண்டு எதிர்த்தார்கள். கலாங்க் குடாக்களைக் காப்பாற்றும் முயற்சி அன்று தொடங்கியது. தேசியப் பூங்கா பிறந்தது 2012இல். நூறாண்டுக்கு மேலான இந்த இடைவெளியில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். 1975இல் கடலோர நிலத்தை விலைக்கு வாங்கி அப்படியே வைத்திருப்பதற்கென்று பிரெஞ்சு அரசு தனி நிறுவனமே அமைத்தது. 1986ஆம் ஆண்டின் கடலோரச் சட்டம், ஊர்ப்பகுதிக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. ஒவ்வொரு படியிலும் நில முதலாளிகளும் ஊராட்சித் தலைவர்களும் எதிர்த்தார்கள். 'எங்கள் நிலம், எங்கள் உரிமை' என்பதே அவர்களுடைய முழக்கம்.

சார்டினியாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கொலொரிட்சே கடற்கரை 1962இல் நிகழ்ந்த பாறைச்சரிவில் உருவானது என்கிறார்கள். அதே 1962இல், அதே தீவின் வடகிழக்கில், ஆகா கான் தலைமையில் கோஸ்டா ஸ்மெரால்டா சொகுசுக் குடியிருப்புக்கான கூட்டமைப்பு தொடங்கியது. ஒரே கடல், அதேபோன்ற பச்சை நீர். ஒருபுறம் ஓட்டல்களும் படகுத்துறைகளும் கோல்ஃப் புல்வெளியும் எழுந்தன. மறுபுறம் 143 மீட்டர் உயரச் சுண்ணாம்பு ஊசியின் அடியில் வெள்ளைக் கூழாங்கற்கள் அப்படியே கிடந்தன. வேறுபாட்டை உண்டாக்கியது இயற்கை இல்லை. கொலொரிட்சேவை 1990களில் இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். 2004இல் சார்டினிய அரசு கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டடங்களை நிறுத்தியது. 2006இல் நிலக்காட்சித் திட்டத்தால் அதை உறுதிப்படுத்தியது. அந்தச் சட்டத்துக்காக அன்றைய ஆட்சியினர் கடும் பகையைச் சம்பாதித்தார்கள்.

ஆக, ஓட்டல் இல்லாத குடா என்பது ஓட்டலைத் தடுத்த குடா. அதன் வெறுமை மனிதர்கள் போராடிப் பெற்றது. இப்போது வரம்பை எதிர்ப்பவரிடம் நான் கேட்க விரும்புவது இது. ஓட்டல் கட்ட நினைத்த முதலாளியின் சொத்துரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தின் பலனை நீங்கள் முழுமையாக அனுபவிக்கிறீர்கள். அவர் கட்டியிருந்தால் நீங்கள் அங்கே போயிருக்கவே மாட்டீர்கள். அவரிடம் 'பொதுநலனுக்காக உன் உரிமையை விட்டுக்கொடு' என்று சொன்ன அதே சட்டம், உங்களிடம் 'இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், புதன்கிழமை வா' என்று சொன்னால் மட்டும் அத்துமீறலா? அவர் இழந்தது கோடிக்கணக்கான பணம். நீங்கள் இழப்பது ஒரு மதியம்.

3. "பெரிய குற்றவாளிகளை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறார்கள்." பாதி உண்மை; அதனாலேயே ஆபத்தான வாதம்.

பெரிய குற்றம் நடந்தது உண்மைதான். கார்தான் ஊர் அலுமினா ஆலை 1966 முதல் தன் சிவப்புச் சேற்றைக் குழாய் வழியாகக் கசீஸுக்கு எதிரேயுள்ள கடலடிப் பள்ளத்தாக்கில் கொட்டியது. சேற்றைக் கொட்டுவது நின்றது 2015ஆம் ஆண்டின் கடைசியில்தான். அதாவது தேசியப் பூங்கா பிறந்த பிறகும் மூன்றாண்டுக்கு மேல் அது ஓடியது. அதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. அந்தச் சேறு இன்றும் கடலடியில்தான் இருக்கிறது.

ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? ஆலையை இன்னும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வரலாம். ஆலை கெடுத்ததால் நாங்களும் கொஞ்சம் கெடுத்துக்கொள்கிறோம் என்ற முடிவுக்கு எப்படி வருவது? ஆலையின் சேறு பைன் மரத்தின் வேரடி மண்ணை அரிக்கவில்லை. ஆலையை மூடினாலும் அந்த மண் திரும்பாது. இரண்டு வேறு நோய்களுக்கு இரண்டு வேறு மருந்து வேண்டும்.

சொகுசுப் படகுகளை விட்டுவிட்டார்கள் என்பதும் இன்றைக்குப் பொருந்தாது. 2018இல் ஸ்பெயினின் பாலியாரிக் தீவுகள் பொசிடோனியா மேல் நங்கூரம் பாய்ச்சுவதைத் தடை செய்தன. 2019இல் பிரெஞ்சு மத்தியதரைக் கடலில் 24 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கு எதிராக அப்படியொரு ஆணை வந்தது. 24 மீட்டர்ப் படகு வைத்திருப்பவர் எளிய மனிதர் இல்லை. கொலொரிட்சேயில் மோட்டார் படகு கரையை நெருங்கவே முடியாது; கோல்கோ மேட்டுநிலத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோமீட்டர் இறங்கி, அதே தூரம் வெயிலில் திரும்ப ஏற வேண்டும். காசு இருப்பவருக்கும் அதே ஏற்றம்தான். கண்காணிப்பு போதாது, இன்னும் கடுமை வேண்டும் என்று கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். வரம்பை நீக்கு என்று கேட்பதற்கு இது காரணமாகாது.

4. கடல் எல்லோருக்கும் பொது. ஆம். அதனால்தான் வரம்பு.

ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியல் சாசனம் கடற்கரையைப் பொதுச்சொத்து என்கிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் நிலை அதுவே. பொதுச்சொத்து என்றால் முதலில் வந்தவர் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளா? பொதுக்கிணற்றில் அவரவர் வாளியளவு மொள்ள உரிமை உண்டு. வற்றடிக்க எவருக்கும் உரிமை இல்லை. இன்று வருகிறவருக்கு மட்டுமில்லாமல், முப்பது ஆண்டு கழித்து வரப்போகிற, இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் அது பொது. அந்தப் பிள்ளையால் இன்று வரிசையில் நிற்க முடியாது. அதன் சார்பில் யாரோ ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி ஏழை-பணக்காரர் கேள்வி. இதை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. எதிர்த்தரப்பின் வாதங்களில் மனத்தைத் தொடுவது இது ஒன்றுதான். மார்செய் ஏழைகள் நிறைந்த நகரம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் அந்த நகரத்தில், வடக்குப் பகுதியின் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குக் கோடையில் போக்கிடம் என்றால் இந்தக் கடல்தான். அவர்களை விலக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

வரம்பே இல்லாதபோது யார் வெல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அருகில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியவர் காலை ஏழு மணிக்கே இறங்கி நல்ல இடத்தைப் பிடிக்கிறார். வார நாளில் வரக்கூடியவர், விடுமுறை எடுக்கக்கூடியவர் பிடிக்கிறார். நகரத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு பதினோரு மணிக்கு வந்துசேரும் தாய்க்குக் கிடைப்பது ஒரு துண்டு விரிக்கவும் இடமில்லாத கூழாங்கற்பரப்பும் ஆயிரம் பேர் இறங்கிய கலங்கல் நீரும்தான். கூட்டம் என்பதே ஒரு விலக்கல். அதற்குப் பலகை கிடையாது, அதனால் அது கண்ணில் படுவதில்லை.

சூஜித்தோன் முன்பதிவுக்குக் காசு இல்லை. கூடுதல் பணம் கொடுத்து முந்திச் செல்லும் வழியும் இல்லை. பாரிஸ் நகரத்து நிறுவன அதிபரும் லூமினி மாணவரும் ஒரே பட்டியலில்தான் பெயர் எழுத வேண்டும். பதிவில்லாமல் வந்தால் இருவருக்கும் ஒரே 68 யூரோ அபராதம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தை மட்டும் கணக்கிட்டாலும் 24,800 இடங்கள். அரிதான ஒரு பொருளைப் பங்கிட இதைவிடச் சமமான முறை இருந்தால் யாரேனும் காட்டட்டும், ஏற்றுக்கொள்கிறேன். கைப்பேசி இல்லாதவர்களுக்கென்று ஒரு பகுதி இடங்களை ஒதுக்கி, நகரத்திலேயே நேரில் பதியும் வசதி செய்யுங்கள் என்று கோரினால் அது நியாயமான கோரிக்கை. அது வரம்பைச் செம்மையாக்கும் கோரிக்கை. ஒழிக்கும் கோரிக்கை இல்லை.

கொலொரிட்சேயின் 7 யூரோவில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 28 யூரோ என்பது சிறிய தொகையில்லை. எண்ணிக்கையால் கட்டுப்படுத்திய பிறகு விலையாலும் சல்லடையிடத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். மார்செய் வழிதான் சரியான வழி. எனினும் 250 என்ற எண்ணுக்கு எதிராக இதைத் திருப்புவது நேர்மையாகாது. எண் வேறு, விலை வேறு.

இந்த உரிமைப் பேச்சில் எவரும் நினைக்காத ஒன்று, தீ. 1990 ஆகஸ்டில் கலாங்க் மலைகளில் பெருந்தீ பரவியது. இன்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, காற்றையும் வறட்சியையும் பார்த்து, மறுநாள் மலைக்குள் போகலாமா என்பதை முந்தைய மாலையே நிறம் குறித்து அறிவிக்கிறார்கள். சிவப்பு என்றால் எவரும் போகக்கூடாது. சூஜித்தோன் முட்டுச்சந்து, மூன்று பக்கம் பாறையும் பைனும், ஒரு பக்கம் கடல். மிஸ்ட்ரால் எனும் பலத்த காற்று வீசும் நாளில் மேலே தீப்பிடித்தால், ஒற்றையடிப் பாதை வழியே 400 பேரை வெளியேற்ற முயலலாம். 2,500 பேரை? 'என் உயிர் என் பொறுப்பு' என்பவர்களை மீட்க உள்ளே இறங்கும் தீயணைப்பு வீரரின் உயிர் யார் பொறுப்பு?

5. ரகசியமாக வைத்திருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு சொல். ரகசியம் என்பது அனுமதிச்சீட்டை நண்பர்களுக்கு மட்டும் கொடுப்பது.

அறிந்தவர் மட்டும் போகலாம், அறியாதவர் போகக்கூடாது. தகுதியை யார் தீர்மானிப்பது? மேலே சமத்துவம் பேசியவர்களே இங்கே இதைச் சொல்கிறார்கள். அதோடு ரகசியம் நிற்பதும் இல்லை. மயோர்க்கா தீவின் கலோ தெஸ் மோரோ, இரு பாறைகளுக்கு இடையில் சில பத்து மீட்டர் மணல். ஒரு காலத்தில் ஊரார் மட்டும் அறிந்த இடம். படங்கள் பரவின, ஊரார் தம் குடாவுக்குப் போவதையே விட்டார்கள். 2024 ஜூனில் ஊரார் திரண்டு வந்து அந்தக் கடற்கரையில் அமர்ந்து, இது எங்கள் இடமும்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கலாங்க் பூங்காவும் முதலில் மென்மையான வழியைத்தான் பார்த்தது. பூங்கா நிர்வாகமே அழகிய படங்களைக் குறைத்து, நெரிசலான கடற்கரையின் படங்களை வெளியிட்டு, ஏற்றம் கடினம், நிழல் இல்லை, கூட்டம் அதிகம் என்று எழுதி மக்களை யோசிக்க வைக்கப் பார்த்தது. அதற்கு அடுத்த ஆண்டே எண்ணிக்கை வரம்பு வந்தது. வேண்டுகோள் மட்டும் போதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

6. உள்ளூர்ப் பிழைப்பு கெடும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கொலொரிட்சே இருக்கும் பௌனெய், ஆட்டுப்பண்ணைகள் நிறைந்த மலையூர். வரம்பை வெளியார் யாரும் அதன் தலையில் கட்டவில்லை. அந்த ஊராட்சியே வைத்து நடத்துகிறது. 2025இல் உலகின் சிறந்த 50 கடற்கரைகள் என்ற பட்டியலில் கொலொரிட்சே முதலிடம் பெற்றது. வரம்பு நடைமுறையில் இருந்த காலத்திலேயே பெற்றது. பெருங்கூட்டம் வந்தால் ஊருக்குப் பணம் கொட்டும் என்பவர்கள், பெருங்கூட்டம் வந்து மணல் போன கடற்கரையைத் தேடி அடுத்த கோடையில் யார் வருவார் என்பதையும் சொல்ல வேண்டும்.

எஞ்சுவது ஒரே ஒரு மறுவாதம். சூஜித்தோனில் தடுத்தால் கூட்டம் அதே பூங்காவின் அடுத்த குடாவுக்குப் போகும், ஆன்-வோ கெடும், போர்-பான் கெடும் என்கிறார்கள். போகக்கூடும். அப்படிப் போனால் அங்கேயும் அந்த இடம் தாங்கும் எண்ணைக் கண்டறிந்து வரம்பு வைக்க வேண்டும். கூடவே, நகரத்துக்குள் இருக்கும் பெரிய கடற்கரைகளைச் செம்மைப்படுத்தி, பேருந்து விட்டு, நிழலும் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும். நாடு விட்டு நாடு போகும் சுற்றுலாப் பயணிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேர் வந்துசேர்வது மத்தியதரைக் கடற்பகுதிக்கு. அத்தனை பேரையும் சிறுகுடாக்கள் தாங்கா. பெருங்கடற்கரைகள் தாங்கும், அவற்றைத் தாங்கும்படி அமைக்கவும் முடியும். நகரங்களிடம் கேட்க வேண்டிய உரிமை அதுதான்.

இந்தக் கோடையில் நீங்கள் தெற்கே போவதாக இருந்தால், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். இடம் கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள், வேலியைச் சுற்றிக் குறுக்குவழி தேடாதீர்கள். புதிதாகக் கால் படும் ஒவ்வொரு குறுக்குவழியும் ஒரு புதுப் பாதையாகி அந்த மண்ணையும் கொண்டுபோகும். போக முடிந்தவர்கள் துண்டுக்கு அடியில் பாய் விரியுங்கள், கரையில் கிடக்கும் கடற்புல்லை ஒதுக்காமல் விடுங்கள், படகில் போனால் நங்கூரம் மணலில் விழுகிறதா புல்லில் விழுகிறதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். குளிரைப் பொறுக்க முடிந்தால் நவம்பரிலோ மார்ச்சிலோ போங்கள். அந்த மாதங்களில் சூஜித்தோனுக்கு முன்பதிவே தேவையில்லை.